ஊழியக் கப்பல் துறைமுகத்த விட்டுக் கிளம்பறப்ப புதுசா ஏறினவங்க செய்ய வேண்டியது: முழு வழிகாட்டி

ஊழியக் கப்பல்னா கிறிஸ்தவ ஊழியத்துக்காக வாலண்டியருங்க வேலை பாக்கிற கப்பல். லோகோஸ் ஹோப், டூலோஸ் ஹோப் மாதிரி புத்தகக் கப்பல்லயோ, மெர்சி ஷிப்ஸ் நடத்துற ஆப்பிரிக்கா மெர்சி, குளோபல் மெர்சி மாதிரி ஆஸ்பத்திரிக் கப்பல்லயோ வாலண்டியரா போகப்போறவங்களுக்காக இத எழுதுறேன். நான் எந்தக் கப்பல்ல இருந்தேன்னு சொல்லப்போறதில்ல. கீழ வர்ற சொதப்பல் எல்லாம் ஆளுங்க பண்ணது, அதுல பாதி நானே பண்ணது, கப்பல் பேரு எதுக்கு நடுவுல.

ரெண்டு வருஷம் இருந்தேன், மொத வருஷம் பேன்ட்ரி, அடுத்த வருஷம் புக் ஹால். ஒவ்வொரு தடவையும் புது பேட்ச் ஏறும், முதல் பயணத்துக்கு முன்னாடி எல்லாரும் ஒரே கேள்வி தான் கேப்பாங்க, "அக்கா கப்பல் கிளம்பறப்ப எந்த டெக்ல நின்னா நல்லா போட்டோ வரும்?" அதுக்கும் பதில் இருக்கு, ஆனா அது எட்டாவது இடத்துல வருது. கடலுக்குப் போய் பாத்துக்கலாம்னு நீங்க தள்ளிப் போடுற வேலைல முக்கால்வாசி, கயிறு கட்டி நிக்கிறப்பவே முடிஞ்சிருக்கணும். கடைசிக் கயிறு அவுந்த பிறகு உங்களுக்கு தலை சுத்தும், கை வேலை ஓடாது, கடையும் கிடையாது.

கீழ இருக்கிற வரிசைய மாத்தாதீங்க. ஒவ்வொன்னும் எதுக்கு முன்னாடி வருதுன்னு சொல்லியிருக்கேன்.

1. ஊர்லயே முடிக்க வேண்டியது

மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் போற கப்பல்னா மஞ்சக் காமாலை ஊசி வேற, மஞ்சள் காய்ச்சல் ஊசி வேற, முதல்ல இந்தக் குழப்பத்த தீத்துக்கோங்க. வேண்டியது ரெண்டாவது, அதாவது யெல்லோ ஃபீவர். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்லயும் துறைமுக சுகாதார அலுவலகத்துலயும் போடுறாங்க. ஊசி போட்டதுக்கு சர்ட்டிபிகேட்டா ஒரு மஞ்சள் புத்தகம் குடுப்பாங்க, போட்ட அன்னிக்கே அது செல்லாது, 10 நாள் கழிச்சு தான் செல்லும், அதனால ஃப்ளைட்டுக்கு மொத வாரம் ஓடாதீங்க. ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும். திரும்பி வர்றப்ப நம்ம ஊர் ஏர்போர்ட்லயும் இத கேப்பாங்க, புக்கு இல்லன்னா தனியா உக்கார வச்சுடுவாங்க, பத்திரமா வைங்க.

பெட்டி விஷயம். சக்கரம் வச்ச கெட்டியான சூட்கேஸ் வேணாம். கேபின்ல ரெண்டு பேர்ல இருந்து நாலு பேர் வரைக்கும் இருப்பாங்க, அத வைக்க இடமே இருக்காது, கடல்ல அது கேபின் பூரா ஊர்வலம் போகும். மடிச்சு வைக்கிற துணிப் பை தான் சரி.

செருப்பு மட்டும் கொண்டு வராதீங்க, குதிகால் மூடின, அடி வழுக்காத ஷூ ஒன்னு கட்டாயம். வேலை இடத்துல செருப்போட விட மாட்டாங்க, மாடிப்படி எல்லாம் இரும்பு.

அப்புறம் யாருமே சொல்லாத ஒன்னு, பேங்க் ஓடிபி. நம்ம ஊர் சிம்முக்கு நடுக்கடல்ல மெசேஜ் வராது. இந்தக் கப்பல்கள்ல சம்பளம் கிடையாது, சபையும் குடும்பமும் தாங்கித் தான் இருக்கீங்க, அப்ப வர்ற காணிக்கைய எடுக்கவோ அனுப்பவோ ஓடிபி கேட்டுட்டு நிக்கும். வீட்ல நம்பிக்கையான ஒருத்தர ஜாயின்ட் அக்கவுன்ட்ல சேத்துட்டு வாங்க.

2. ஏறின அன்னிக்கே: மஸ்டர் ஸ்டேஷன்

பெட்டிய பிரிக்கிறதுக்கு முன்னாடி கேபின் கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற அட்டைய படிங்க. ஆபத்து மணி அடிச்சா நீங்க எங்க போய் நிக்கணும் (அது தான் மஸ்டர் ஸ்டேஷன்), எந்த லைஃப்போட், எல்லாம் அதுல இருக்கும். படிச்சா மட்டும் போதாது, நடந்து போங்க. கேபின்ல இருந்து ஸ்டேஷனுக்கு ரெண்டு வழி கண்டுபிடிங்க, ஒன்னு நீங்க தினமும் போற படி, இன்னொன்னு நீங்க போகவே போகாத பக்கத்துல இருக்கும்.

இத ஏன் அன்னிக்கே செய்யணும்னா, துறைமுகத்துல நிக்கிறப்ப எல்லாக் கதவும் தொறந்து கிடக்கும், வழி ஈஸியா தெரியும். கடலுக்குப் போனதும் கீழ் டெக்குகள்ல தண்ணி புகாத வாட்டர்டைட் கதவுகள மூடிடுவாங்க, நேத்து வரைக்கும் நேரா போன பாதை இன்னிக்கு சுவரா நிக்கும். கீழ்த் தளத்துல கேபின் கிடைச்சவங்க (புதுசா வர்றவங்களுக்கு அது தான் கிடைக்கும்) இதுல தான் தொலைஞ்சு போவாங்க.

அந்தக் கதவு பத்தியும் இங்கயே சொல்லிடுறேன். அது லிஃப்ட் கதவு மாதிரி கை வச்சா திரும்பித் தொறக்காது. நடுவுல எது இருந்தாலும் நசுக்கிட்டு மூடும். மூடிட்டு இருக்கிறப்ப ஓடிப் புகுந்துடலாம்னு நினைக்கவே நினைக்காதீங்க, முழுசா தொறக்குற வரைக்கும் நின்னு, அப்புறம் தாண்டுங்க, கையில ட்ரே இருந்தா கீழ வச்சுட்டு.

லைஃப் ஜாக்கெட்ட ஒரு தடவை போட்டு கழட்டிப் பாருங்க. பிறகு அதோட இடத்துலயே வைங்க, துணி காயப்போடுற ஸ்டாண்டா ஆக்காதீங்க.

3. மூணு நாள் முன்னாடி: கரை வேலைகள்

புத்தகக் கப்பல் ஒரு ஊர்ல ரெண்டு மூணு வாரம் தான் நிக்கும், ஆஸ்பத்திரிக் கப்பல் சியரா லியோன்ல ஃப்ரீடவுன், மடகாஸ்கர்ல தமட்டாவே மாதிரி ஒரு துறைமுகத்துல கிட்டத்தட்ட பத்து மாசம் நின்னுட்டு பராமரிப்புக்காக கேனரி தீவு மாதிரி இடத்துக்குக் கிளம்பும். பழக்கம் வேற வேற. மூணு வாரம் நிக்கிற இடத்துல கிளம்பறது ஒரு வழக்கமாயிடும், பத்து மாசம் நின்ன இடத்துல ஆளுங்க கப்பலயே வீடு மாதிரி பரப்பி வச்சிருப்பாங்க, அங்க தான் கடைசி நேரக் கூத்து ஜாஸ்தி.

வீட்டுக்கு போன் பண்ணி, "இந்தத் தேதியில இருந்து இத்தனை நாள் என்கிட்ட இருந்து ஒன்னும் வராது"ன்னு தெளிவா சொல்லுங்க. இப்ப கப்பல்கள்ல சாட்டிலைட் நெட் இருக்கு தான், ஆனா நூத்துக்கணக்கான பேரு பங்கு போடுறது, வீடியோ கால நம்பாதீங்க. எங்க கேபின்ல ஒரு தங்கச்சி சொல்லாம வந்துட்டா, நாலு நாள் கழிச்சு நெட் கிடைச்சப்ப அவங்க அம்மா பாஸ்டர கூப்பிட்டு வீட்ல உபவாச ஜெபமே வச்சிருந்தாங்க.

துணி துவைக்கிறத முடிச்சுடுங்க. கிளம்பற அன்னிக்கு லாண்டரி முன்னாடி நிக்கிற கியூவ பாத்தா ரேஷன் கடை தோத்துடும். ஈரத்துணிய கேபின்ல தொங்க விட்டா அது ராத்திரி பூரா ஆடி ஆடி மூஞ்சில அடிக்கும்.

பழம், காய், செடி, பச்சை மரத்துல செஞ்ச சாமான், இதெல்லாம் கடைசி நாள்ல வாங்காதீங்க. அடுத்த நாட்டு விவசாய அதிகாரிங்க ஏறி சோதனை போடுறப்ப பிடிபட்டா உங்களுக்கு மட்டும் இல்ல கப்பலுக்கே தலைவலி. அதவிட முக்கியம், "அடுத்த ஊர்ல என் சொந்தக்காரர்கிட்ட இத குடுத்துடுறியா"ன்னு யார் பார்சல் குடுத்தாலும், அவங்க சபை மூப்பரா இருந்தாலும், வாங்காதீங்க. சிரிச்சுட்டே முடியாதுன்னு சொல்லிடுங்க.

பிரியா விடைய கடைசி ஒரு மணி நேரத்துக்கு வைக்காதீங்க. ஆஸ்பத்திரிக் கப்பல்ல அந்த ஊர் ஆளுங்களே மொழிபெயர்க்கவும் வார்டுல உதவவும் சமையல்லயும் மாசக்கணக்கா கூட வேலை பாத்திருப்பாங்க. அவங்க வேலை கப்பலோட முடியுது, நமக்கு அடுத்த இடம் இருக்கு. அதனால "திரும்பி வருவோம்", "உனக்கு அங்க வேலை வாங்கித் தர்றேன்"ன்னு அழுதுட்டே வாக்கு குடுக்குறது ரொம்பத் தப்பு. நான் குடுத்தேன். ஒரு வருஷம் வரைக்கும் மெசேஜ் வந்துட்டே இருந்துச்சு.

4. நோட்டீஸ் போர்டுல இருக்கிற மூணு நேரம்

போர்டுல கிளம்பற நேரம்னு ஒன்னு போட்டிருப்பாங்க, உதாரணத்துக்கு சாயங்காலம் 5. புதுசா வந்தவங்க நாலே முக்காலுக்கு வந்தா போதும்னு நினைப்பாங்க. உங்களுக்கு வேண்டிய நேரம் அது இல்ல. எல்லாரும் ஏறி முடிக்க வேண்டிய நேரம் தனியா போட்டிருக்கும், அது பல மணி நேரம் முன்ன இருக்கும், சில ஊர்ல முந்தின நாள் ராத்திரியே. உங்க டிபார்ட்மென்ட்ல வேலைக்கு வர வேண்டிய நேரம் மூணாவது, அது பெரும்பாலும் எல்லாத்துக்கும் முந்தி.

இவ்வளவு இடைவெளி ஏன்னா, கேங்வேல (கரைல இருந்து கப்பலுக்கு ஏறுற படி) கார்டு தட்டி ஏறினவங்க கணக்கும் உள்ள இருக்கிற தலை எண்ணிக்கையும் பொருந்தணும், பாஸ்போர்ட் எல்லாம் பர்சர் ஆபீஸ்ல (கப்பலோட நிர்வாக ஆபீஸ்) இருக்கும், அந்த நாட்டு இமிகிரேஷன் வந்து கையெழுத்துப் போட்டு முடிக்கணும். அதுக்கு மேல ஒளிஞ்சு ஏறினவங்க யாராவது இருக்காங்களான்னு கப்பல் பூரா தேடுவாங்க. இது விளையாட்டு இல்ல, 2004-ல இருந்து உலகம் பூரா இருக்கிற கப்பல் பாதுகாப்பு விதிகளோட தொடர்ச்சி, உங்களையும் ஒரு பகுதிய தேடச் சொல்வாங்க. அலமாரி, லைஃப்போட் மூடி, பெயின்ட் ரூம், துணிக் குவியல், கையால தொட்டுப் பாத்து தேடுங்க. எட்டிப் பாத்துட்டு ஓகேன்னு எழுதுறது தான் புதுசா வந்தவங்க தப்பு. ஒருத்தர் ஒளிஞ்சு வந்துட்டா அடுத்த துறைமுகத்துல அவர இறக்க விடாம வாரக்கணக்குல இழுக்கும், அவர் உயிருக்கும் ஆபத்து, காத்து போகாத இடத்துல போய் உக்காந்துடுவாங்க.

கப்பலோட கொடிக் கம்பத்துல நீல நிறத்துல நடுவுல வெள்ளைச் சதுரம் போட்ட கொடி ஏறிடுச்சுன்னா கப்பல் கிளம்பப் போகுது, எல்லாரும் ஏறுங்கன்னு அர்த்தம். ஊருக்குள்ள சுத்திட்டு இருக்கிறப்ப தூரத்துல அந்தக் கொடிய பாத்தீங்கன்னா ஓடுங்க.

விட்டுட்டுப் போயிட்டா என்ன ஆகும்? கப்பல் நிக்காது. துறைமுகத்துக்கு ஒவ்வொரு மணி நேரமும் காசு, துறைமுகத்துல இருந்து கப்பலுக்கு வழி காட்டுற பைலட்டும், கப்பல இழுக்கிற டக் போட்டும் சொல்லி வச்சாச்சு. துறைமுகத்துல கப்பல் வேலைய பாக்கிற ஏஜென்ட் ஆபீஸ்ல உக்காந்து, அடுத்த ஊருக்கு டிக்கெட், விசா எல்லாம் நீங்க தான் பாத்துக்கணும்.

5. கேபின கட்டுறது

இது தான் பெரிய வேலை, இத தான் எல்லாரும் பத்து நிமிஷத்துல முடிச்சுடலாம்னு நினைப்பாங்க. ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க, கேபின்ல இருக்கிற எல்லாரும் சேந்து செய்யுங்க, உங்க சாமான நீங்க கட்டிட்டு பக்கத்து பங்க் (அடுக்குக் கட்டில்) ஆளு கட்டலன்னா அவரோட பாட்டில் உங்க தலைல தான் விழும்.

முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது, கப்பல் ஆடுறதால மட்டும் சாமான் உடையறதில்ல. சாமானுக்கு நகர இடம் இருந்தா, அது ஓடி வேகம் பிடிச்சு, எதிர்ச் சுவர்ல மோதி தான் உடையும். அதனால இடுக்க அடைக்கணும். ட்ராயர் பாதி காலியா இருந்தா துண்டு, டீ ஷர்ட் எல்லாம் திணிச்சு அடைங்க. பூட்டு இருக்கிற ட்ராயர்னா பூட்டுங்க, இல்லன்னா டேப் ஒட்டுங்க.

மேசை மேல ஒன்னும் இருக்கக் கூடாது. ஒன்னுமேன்னா ஒன்னுமே. லேப்டாப்ப பங்க்ல மெத்தைக்கும் சுவருக்கும் நடுவுல செருகுங்க, அது தான் கேபின்லயே பத்திரமான இடம். கனமானது எல்லாம் தரையில, மூலையில. புத்தக அலமாரில மேல் தட்டுல பைபிள் இருந்தாலும் இறக்கி வைங்க, கெட்டி அட்டை போட்ட குடும்ப பைபிள் தலைல விழுந்து நெத்தில மூணு தையல் போட்ட ஒரு அண்ணன எனக்குத் தெரியும், ரெண்டு வருஷமும் அதச் சொல்லிச் சொல்லி ஓட்டினோம்.

பாத்ரூம்ல ஷாம்பூ, சோப்பு, கண்ணாடி டம்ளர் எல்லாத்தையும் ஒரு பக்கெட்ல போட்டு ஷவர் தரையில வைங்க. டாய்லெட் மூடிய மூடி வைங்க, செல்போன் அதுல போன கதை ஒவ்வொரு பேட்ச்லயும் ஒன்னு உண்டு.

இப்ப சத்தம். இத யாரும் யோசிக்க மாட்டாங்க. வெறும் ஹேங்கர் ஒன்னு அலமாரிக்குள்ள டொக்கு டொக்குன்னு ராத்திரி பூரா அடிக்கும், ஒரு பேனா ட்ராயர்ல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருளும், நீங்க மூணு தடவை எந்திரிச்சு லைட்ட போட்டு தேடுவீங்க, கண்டுபிடிக்க முடியாது, பங்க்ல ஏறிப் படுத்ததும் திரும்ப ஆரம்பிக்கும். கட்டி முடிச்ச பிறகு ஒவ்வொரு ட்ராயரையும் அலமாரியையும் கையால பிடிச்சு உலுக்கிப் பாருங்க. சத்தம் வந்தா கட்டினது போதல.

போர்ட்ஹோல் (வட்ட ஜன்னல்) இருக்கிற கேபின்னா அது முறுக்கி மூடியிருக்கான்னு பாருங்க. கீழ்த் தளத்துல அதுக்கு மேல இரும்பு மூடி ஒன்னு இருக்கும், மோசமான கடல்னா டெக் ஆளுங்க வந்து அதையும் மூடச் சொல்வாங்க, வெளிய தெரியலையேன்னு தொறக்காதீங்க.

கடைசியா உங்க பங்க். மெத்தையோட வெளி ஓரத்துக்கு அடியில கம்பளிய சுருட்டி வச்சா மெத்தை சுவர் பக்கம் சரிஞ்சு ஒரு பள்ளம் மாதிரி ஆயிடும், நீங்க அதுக்குள்ள படுத்தா உருள மாட்டீங்க. சில பேர் இதுக்கு லைஃப் ஜாக்கெட்ட வைப்பாங்க, பழைய மாலுமிங்களே வைப்பாங்க, எனக்கு அது பிடிக்காது, இருட்டுல மணி அடிச்சா மெத்தைக்கு அடியில இருந்து இழுக்கிற நிலைமை வரக் கூடாது.

6. வேலை இடத்த கட்டுறது

கேபின முடிச்சுட்டு தான் இதுக்கு வரணும்னு சொல்வேன், ஏன்னா வேலை இடத்துல கட்டி முடிக்கிறப்ப உடம்பு அசந்து போயிருக்கும், பிறகு கேபின தொட மாட்டீங்க. சூப்பர்வைசர் வேற வரிசை சொன்னா அவர் சொல்றது தான்.

புக் ஹால்: லோகோஸ் ஹோப் மாதிரி கப்பல்ல 5000-க்கும் மேல தலைப்புகள் இருக்கு, ஒவ்வொன்னும் எத்தனை பிரதின்னு யோசிச்சுக்கோங்க. கனமான என்சைக்ளோபீடியா, சமையல் புத்தகம் எல்லாம் கீழ்த் தட்டுக்கு. தட்டுல இடைவெளி விடாம நெருக்கி அடுக்கி, முன்னாடி கம்பியோ வலையோ ஸ்ட்ராப்போ போடணும். மேசை மேல குவிச்சு வச்ச புத்தகத்த அப்படியே தரையில இறக்கி, அலமாரிங்களுக்கு நடுவுல படுக்க வச்சு இடுக்க நிரப்பிட்டா பாதுகாப்பு. ராட்செட் ஸ்ட்ராப்ப முறுக்கிற ஆர்வத்துல அட்டை மடங்குற அளவுக்கு இறுக்கிடாதீங்க, நான் முதல் தடவை நாப்பது கலரிங் புக்க ரெண்டா மடிச்சுட்டேன்.

சமையலறைய கப்பல்ல கேலின்னு சொல்வாங்க, பேர கேட்டு எல்லா தமிழ் ஆளுங்களும் ஒரு தடவை சிரிப்போம். அங்க கத்தி எல்லாம் பூட்டுக்குள்ள, ஓவன் கதவு கொக்கி போட்டு, அடுப்பு மேல தடுப்புக் கம்பி மாட்டி, அண்டா எதையும் பாதிக்கு மேல நிரப்பாம. முதல் ராத்திரி சூப், ரசம் மாதிரி தண்ணியா இருக்கிறது எதுவும் மெனுல இருக்காது, கொதிக்கிற எண்ணெய் சட்டியும் வைக்க மாட்டாங்க. சாப்பாட்டு மேசைல துணிய நனைச்சு விரிச்சு வைப்பாங்க, ஈரத்துணி மேல தட்டு வழுக்காது.

ஆஸ்பத்திரிக் கப்பல்ல இந்த வேலை நாள் கணக்குல இல்ல வாரக் கணக்குல. குளோபல் மெர்சில 6 ஆபரேஷன் தியேட்டர், 199 படுக்கை. கட்டில் சக்கரத்துக்கு பிரேக் போட்டா போதும்னு புது நர்சுங்க நினைப்பாங்க, கப்பல் சாஞ்சா பிரேக்கோட சேந்து வழுக்கும், தரை வளையத்துல ஸ்ட்ராப் போட்டே ஆகணும். மானிட்டர், இன்ஃப்யூஷன் பம்ப் எல்லாம் உயரத்துல இருந்து இறக்கணும். ஆக்சிஜன் சிலிண்டருக்கு மேலயும் கீழயும் ரெண்டு இடத்துல சங்கிலி. மருந்து ஃப்ரிட்ஜ் கதவு தானா தொறந்துக்கும், அத மறக்காம கட்டுங்க, அப்புறம் அது ப்ளக் சொருகி இருக்கான்னும் பாருங்க, நகத்தி கட்டுறப்ப பிடுங்கிட்டு திரும்ப மாட்டாம விட்டுடுவாங்க.

ஒரு வேலை: கட்டறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. அடுத்த ஊர்ல அவுத்து திரும்ப அடுக்கறப்ப எது எங்க இருந்துச்சுன்னு சண்டை வராது.

7. மாத்திரைய கயிறு அவுக்கறதுக்கு முன்னாடி போடுங்க

கடல் மயக்கத்துக்கு எனக்கெல்லாம் ஒன்னும் ஆகாது, எங்க தாத்தா கட்டுமரம் ஓட்டினவர்னு ஒரு தூத்துக்குடி தம்பி சொன்னான். அவன மூணு நாள் கழிச்சு தான் திரும்ப பாத்தோம். தாத்தா உடம்பு பழகினது, உங்க உடம்பு பழகல, அவ்வளவு தான் விஷயம்.

மாத்திரை வாந்தி வந்த பிறகு போட்டா வயித்துல தங்காது, தங்கினாலும் குடல் வேலை செய்யாம உள்ள இழுக்காது. அதனால தான் முன்னாடியே. ஸ்டுஜெரான், அவோமின் ரெண்டும் நம்ம ஊர்ல கிடைக்கிறது, பொதுவா ஒன்னு ரெண்டு மணி நேரம் முன்னாடி போடுறது. கர்ப்பமா இருக்கிறவங்க, வேற மருந்து சாப்பிடுறவங்க, குழந்தைங்க, கட்டாயம் கப்பல் கிளினிக்ல கேட்டுட்டு தான். அவோமின் நல்லா தூக்கம் வரவழைக்கும், அத போட்டுட்டு ஏணி ஏறுறது, மெஷின் ஓட்டுறது வேணாம், சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடுங்க.

வெறும் வயித்தோட இருந்தா வாந்தி வராதுன்னு பட்டினி கிடப்பாங்க. தலைகீழ். காஞ்ச ரொட்டி, பிஸ்கட், பச்சை ஆப்பிள், கொஞ்சம் சோறு, இப்படி வயித்துல ஏதாவது இருக்கணும். இஞ்சி நல்லா கேக்கும், இஞ்சி மிட்டாய் ஊர்ல இருந்தே கொண்டு வாங்க.

8. டிரில் (ஆபத்துக்கான ஒத்திகை), அப்புறம் தான் போட்டோ

ஏழு தடவையோ அதுக்கு மேலயோ சின்னச் சின்ன ஊதல், பிறகு ஒரு நீள ஊதல். இது கேட்டா கையில இருக்கிறத போட்டுட்டு லைஃப் ஜாக்கெட்டோட ஸ்டேஷனுக்கு. லிஃப்ட் கூடாது. பேர் கூப்பிடறப்ப நீங்களே பதில் சொல்லணும், பக்கத்துல இருக்கிறவர் சொல்லக் கூடாது.

புதுசா ஏறினவங்களுக்கு டிரில் கிளம்பறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ நடக்கணும்னு பயணிகள் கப்பல் விதி 2015-ல மாறிச்சு. அதுக்கு முன்ன 24 மணி நேரத்துக்குள்ள நடத்தினா போதும்னு இருந்துச்சு, 2012-ல கோஸ்டா கான்கார்டியாங்கிற பயணிகள் கப்பல் துறைமுகத்த விட்ட அன்னிக்கு ராத்திரியே பாறைல மோதி சாஞ்சப்ப, அன்னிக்கு ஏறினவங்க நிறைய பேர் டிரிலே பாக்காதவங்க. நம்ம ஊழியக் கப்பல் வரலாறுலயும் இது இருக்கு. 1988 ஜனவரில, லோகோஸ் ஹோப்புக்கு முன்னாடி இருந்த முதல் லோகோஸ் கப்பல், அர்ஜென்டினால உஷுவாயாவ விட்டுக் கிளம்பி, பைலட் இறங்கின கொஞ்ச நேரத்துல, அன்னிக்கு ராத்திரியே பீகிள் கால்வாய்ல பாறைல ஏறி நின்னுடுச்சு. குழந்தைங்க உட்பட அத்தனை பேரும் லைஃப்போட்ல இறங்கி உயிரோட கரை சேந்தாங்க, கப்பல் போச்சு. இத சொன்ன பிறகு எங்க பேட்ச்ல டிரில் சமயத்துல யாரும் செல்ஃபி எடுக்கல.

இனி போட்டோ. மேல் டெக்ல, கரைப் பக்கம், நடுவுல நில்லுங்க. முன்னாடியும் பின்னாடியும் கயிறு இழுக்கிற டெக் பக்கம் போகாதீங்க, அனுமதி இல்லன்னு கோடு போட்டிருப்பாங்க. அந்தக் கயிறுங்க நைலான், இழுத்தா நீளும், அறுந்தா சாட்டை மாதிரி திரும்பி வீசும், கால எடுத்துடும். அங்க நிக்கத் தெரிஞ்சவங்க மட்டும் தான் நிக்கணும்.

பைலட் ஏறினதும் பாதி வெள்ளை பாதி சிவப்புல ஒரு கொடி ஏறும். கேங்வேய தூக்குவாங்க. பல கயிறு ஒவ்வொன்னா அவுந்து கடைசில முன்ன ஒன்னு பின்ன ஒன்னுன்னு நிக்கும், அதுவும் கரைல இருக்கிறவங்க பொல்லார்ட்ல (கயிறு மாட்டுற குட்டை இரும்புத் தூண்) இருந்து கழட்டி தண்ணில போட்டதும், டக் மெதுவா இழுக்க, கரைக்கும் கப்பலுக்கும் நடுவுல ஒரு முழம் தண்ணி தெரியும். கரைல பாட்டு பாடுவாங்க, நம்ம பக்கமும் பாடுவாங்க, ரெண்டும் வேற வேற பாட்டா இருக்கும். யாராவது ஒரு ஐயா ஜெபம் பண்ணுவார், எஞ்சின் சத்தத்துல ஆமென் மட்டும் தான் கேக்கும். எனக்கு நாலாவது அஞ்சாவது பயணத்துல கூட அந்த ஒரு முழம் தண்ணி தெரியறப்ப தொண்டை அடைக்கும், சும்மா சொல்லல.

9. பைலட் இறங்கின பிறகு முதல் ராத்திரி

துறைமுகச் சுவர தாண்டினதும் ஆடலையே, இவ்வளவு தானான்னு எல்லாரும் தைரியமாயிடுவாங்க. பைலட் இறங்கறதுக்காக கப்பல் வேகத்த குறைக்கும், பல தடவை ஆட்டம் அப்ப தான் ஆரம்பிக்கும். பக்கவாட்டுல ஆட்டத்த குறைக்கிற ஸ்டெபிலைசர் துடுப்புங்க கப்பல் வேகமா ஓடுறப்ப தான் வேலை செய்யும், மெதுவா போறப்ப பிரயோஜனம் கம்மி. பழைய ஃபெர்ரிய மாத்திக் கட்டின கப்பல்னா (லோகோஸ் ஹோப் 1973-ல ஜெர்மனில கார் ஃபெர்ரியா கட்டினது, ஆப்பிரிக்கா மெர்சி டென்மார்க்ல ரயில் பெட்டி ஏத்தின ஃபெர்ரி) பக்கச் சுவர் உயரம், காத்து பிடிக்கும். அந்த நேரம் படில இருக்காதீங்க.

தலை சுத்தினா கேபின்ல போய் போன பாக்கிறது தான் பெரிய தப்பு. வெளிய வந்து தொடுவானத்த பாருங்க, இல்லன்னா கப்பலோட நடுப்பகுதில, கீழ் டெக்ல, கண்ண மூடி படுங்க, அங்க தான் ஆட்டம் கம்மி. வாந்தி பைய எப்பவும் பாக்கெட்ல வைங்க. சிங்க்ல எடுக்காதீங்க, அடைச்சுக்கும், அத சுத்தம் பண்ண வர்றவரும் உங்கள மாதிரி தலை சுத்திட்டு இருக்கிற வாலண்டியர் தான்.

நடக்கறப்ப ஒரு கை கைப்பிடில இருக்கணும், அதனால ரெண்டு கைலயும் சாமான் தூக்காதீங்க. கதவ திறக்கறப்ப விரல கதவு ஓரத்துல வைக்காதீங்க, கப்பல் சாஞ்சா இரும்புக் கதவு தானா அறையும். இருட்டின பிறகு வெளி டெக்குக்கு தனியா போகாதீங்க, காத்து ஜாஸ்தின்னா பூட்டியே வச்சிருப்பாங்க.

குப்பைய கடல்ல போடக் கூடாது, ஒரு மிட்டாய் பேப்பர் கூட. பிளாஸ்டிக்க உலகத்துல எந்தக் கடல்லயும் போட சட்டம் விடாது.

கிழக்கு மேற்கா போறப்ப ராத்திரில கப்பல் மணிய ஒரு மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ தள்ளுவாங்க, போர்டுல எழுதியிருக்கும். போன் தானா மாறாது, ஏன்னா டவர் இல்ல. காலைல தியானத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் காலி ஹால்ல உக்காந்திருக்கிற ஆளு புதுசுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.

10. கடல்ல நாளு எப்படிப் போகும்

ஊர்ல நிக்கிறப்ப தினமும் ஆயிரக்கணக்குல ஜனம் ஏறி இறங்கும், கடல்ல யாரும் இல்ல, அதனால லீவுன்னு நினைக்காதீங்க. என்ஜின், டெக், கேலி மூணுக்கும் ஓய்வே கிடையாது. மத்தவங்களுக்கு சுத்தம் பண்றது, ஸ்டாக் எண்றது, பயிற்சி, அடுத்த ஊர் மொழில நாலு வார்த்தை கத்துக்கறது. நமக்கு முன்னாடியே அந்த ஊருக்கு ஒரு டீம் போயிருக்கும், சபைங்க, பள்ளிக்கூடம், துறைமுக அதிகாரின்னு எல்லாரையும் பாத்து ஏற்பாடு பண்ணி வச்சிருப்பாங்க, அவங்க அனுப்பின குறிப்ப படிக்கச் சொல்வாங்க, படிங்க. என்ன உடுப்பு போடலாம், எது பேசக் கூடாதுன்னு எல்லாம் அதுல தான் இருக்கும்.

வாராவாரம் ஜெபக்கூட்டம், காலைல தியானம் எல்லாம் ஆடுற கப்பல்லயும் நடக்கும். உடம்பு முடியலன்னா வெக்கப்படாம படுங்க. விசுவாசம் இருந்தா வாந்தி வராதுன்னு உங்ககிட்ட யாராவது சொன்னா அவருக்கு இன்னும் நல்ல அலை வரலன்னு அர்த்தம். கிடக்கிறவங்களுக்கு தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டு போய் குடுக்கிறத யாரும் ரோஸ்டர்ல போட மாட்டாங்க, நடக்க முடியிறவங்க செய்யுங்க.

11. அடுத்த துறைமுகம்: அவுக்கற வரிசை

கரை தெரிஞ்சதும் ஸ்ட்ராப்ப அவுக்க ஆரம்பிக்கிறது கடைசித் தப்பு, ஆனா எல்லாரும் பண்றது. துறைமுக வாசல்ல அலை மறுபடி தூக்கும், டக் தள்ளுறப்ப இடிக்கும், கரைய தொடுறப்ப ஒரு குலுக்கல் இருக்கும். எல்லாக் கயிறும் கட்டி முடிச்சாச்சுன்னு ஸ்பீக்கர்ல சொன்ன பிறகு, சூப்பர்வைசர் சொன்ன பிறகு, அவுங்க.

கேங்வே இறங்கினாலும் நீங்க இறங்க முடியாது. மஞ்சக் கொடி இருக்கிற வரைக்கும் சுகாதார, இமிகிரேஷன் அதிகாரிங்க கணக்கு முடியல. சில ஊர்ல அரை மணி நேரம், ஒரு ஊர்ல எங்களுக்கு சாயங்காலம் வரைக்கும் ஆச்சு. அந்த நேரத்துல முதல்ல வேலை இடத்த அவுங்க, கேபின பிறகு பாத்துக்கலாம். கிளம்பறப்ப போட்ட வரிசைக்கு நேர் எதிர், ஏன்னா அடுத்த நாள் காலைல கதவத் தொறந்தா ஜனம் வந்து நிக்கும்.

அவுத்த ஸ்ட்ராப்புங்கள சுருட்டி, ஒவ்வொன்னுலயும் எந்த அலமாரியோடதுன்னு டேப்ல எழுதி, ஒரே பெட்டில போட்டு வைங்க. புத்தகக் கப்பல்னா மூணு வாரத்துல மறுபடி தேடுவீங்க.